ஒருவழி ஆர்.வி. பயணம்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

சக்கரக்கால்:
சிகாகோவில் எடுத்து சான் பிரான்சிஸ்கோவில் விட வேண்டும். படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 25 அடி வண்டி, பத்து நாள். ஒருவழிக் கட்டணம், மைல் கணக்கு, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு எல்லாம் இங்கே எல்லோரும் அழுதவைதான். நான் சொல்ல வந்தது வயோமிங்.

ஐ-80 நெடுஞ்சாலையில் லாரமி ஊரைத் தாண்டி எல்க் மலைப் பக்கம். நல்ல வெயில், மேகமே இல்லை. உயரமான, எடை குறைந்த வண்டிகள் போகக் கூடாது என்று மின்பலகையில் எரிந்துகொண்டிருந்தது. அது என் வண்டியைத்தான் சொல்கிறது என்று உறைக்கவே இல்லை. சற்று நேரத்தில் காற்று அடித்து, யாரோ தோளால் இடித்ததுபோல் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டேன். முன்னால் ஒரு டிரெய்லர் புல்லில் மல்லாந்து கிடந்தது. ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் மாமியார் குக்கரை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருக்கிறார். வாயே திறக்கவில்லை. ராலின்ஸ் ஊர் வந்து நிறுத்திய பிறகுதான், "இறங்கலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தயிர்சாதம்:
வசந்த காலத்தில் இந்தியானா எல்க்ஹார்ட் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து புது வண்டிகளை மேற்கே சேர்ப்பதற்காகக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்களே, அதில் போனோம். ஏப்ரல் தொடக்கம், இரவில் உறைகுளிர். முதல் நாள் காலை காபிக்குத் தண்ணீர் பிடித்தேன். குழாயிலிருந்து ரோஸ்மில்க் நிறத்தில் கொட்டுகிறது! குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க உள்ளே விட்டிருந்த திரவமாம். எனக்கு முன்னால் எழுந்த மகள் அதில் வாய் கொப்பளித்து முடித்திருந்தாள். "இனிப்பாக இருந்ததே அம்மா" என்றாள். வாடகை நிறுவனத்தின் எண்ணில் நாற்பது நிமிடம் இசை மட்டும் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலிவு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நிறம்தான் நினைவுக்கு வருகிறது.

பழைய மைல்கல்:
சக்கரக்கால், கோபிக்க வேண்டாம், பலகையைப் படித்தும் போனது உங்கள் தவறு. காற்று நாளில் ராலின்ஸ் வரை போகவே கூடாது. லாரமியில் ஒரு நாள் தங்கியிருக்க வேண்டும். திரும்பக் கொடுக்கும் தேதியை இறுக்கமாக வைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை. ஐ-40 வழியே போனால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கேலனுக்கு எட்டிலிருந்து பத்து மைல் என்று எரிபொருளைக் கணக்கிடுங்கள். நியூயார்க்கில் பார்க்வே என்கிற கார் சாலைகளில் ஏறாதீர்கள், பாலங்கள் தாழ்வு. சாதாரண கார் வழிகாட்டிச் செயலியை நம்பாதீர்கள், அதற்கு உங்கள் உயரம் தெரியாது. சமையல் எரிவாயுவை மறக்காதீர்கள்: புரோப்பேன் தொட்டியோடு பால்டிமோர் சுரங்கப்பாதைகளில் விட மாட்டார்கள். முன்பு அங்கிருந்த கீ பாலத்தின் வழியே சுற்றிப் போவோம்; 2024 மார்ச்சில் அதுவும் இடிந்துவிட்டது. இப்போது ஊரைச் சுற்றும் 695 நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும்.

என் அனுபவமா? சுரங்க வாயிலில் காவலர் என்னைத் திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான்.

குறுக்குச்சால்:
ஐயா, ஐ-40இல் காற்று இல்லையா? வசந்த காலத்தில் டெக்சஸின் வடமுனையான பான்ஹாண்டிலைத் தாண்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

அங்கே அமரில்லோ ஊரில் வண்டியின் கழிவறைத் தொட்டியைக் காலி செய்தேன். குழாயை மாட்டிவிட்டேன், ஆனால் கொக்கி பூட்டவில்லை. வால்வை இழுத்ததும் என் செருப்பு, பேன்ட், பக்கத்து வண்டிக்காரரின் மடக்கு நாற்காலி எல்லாம் போயிற்று. அவர் கத்துவார் என்று நின்றேன். பேசாமல் உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் தண்ணீர்க் குழாயும் கொண்டுவந்தார். நாற்காலிக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் அவர் கிளம்பிப் போய்விட்டார். நாற்காலி மட்டும் குப்பைத்தொட்டி ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

சக்கரக்கால்:
மைல்கல் ஐயா, தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஒரு நாள் தாமதத்துக்கு அவர்கள் போடும் அபராதத்தை நினைத்துத்தான் ஓட்டினேன். மாமியாரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "குக்கர் பிடி அன்றைக்குத்தான் உடைந்தது, அதை எழுதினீர்களா மாப்பிள்ளை?" என்கிறார்.