பார்த்தீனியத்துக்கு வண்டு கொண்டுவரலாமா?

கோண்டாவிலான்:
மாரி தொடங்கினால் போதும், வெங்காயத் தறை, வேலியோரம், ஒழுங்கை எல்லாம் பார்த்தீனியக் களைதான். பிடுங்கினால் கை கடிக்கிறது, அம்மாவுக்கு இழுப்பு வேறு. இந்தியாவில் இதைத் தின்கிற மெக்சிகோ வண்டு ஒன்று இருக்கிறதாம். மச்சான் திருச்சியில் இருந்து வருகிறார், ஒரு போத்தலில் கொஞ்சம் பிடித்துவரச் சொல்லலாமா?

வேலணையூர்:
சொல்லாதீர்கள் தம்பி. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் பூச்சி கொண்டுவர முடியாது. சட்டத்தை விடுங்கள், போத்தலுக்குள் வண்டு மட்டும்தான் வருகிறது என்று யார் பார்ப்பது? அதன் மேல் ஒட்டுண்ணியோ நோயோ இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும். பெங்களூரில் 1984இல் அந்த வண்டை விட்டதே வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்த பிறகுதான். அப்படியிருந்தும் பின்னர் சூரியகாந்தியில் கண்டு பெரிய சர்ச்சையானது.

முருங்கையடி:
அதற்காக வண்டு என்றாலே பயப்படவும் தேவையில்லை. நாகதாளிக் கள்ளி இங்கே காடாகப் பரவிய காலத்தில், 1860களிலேயே, தென்னிந்தியாவில் இருந்து செதில்பூச்சி கொண்டுவந்துதான் அடக்கினார்கள். குளங்களை மூடிய சல்வீனியா என்ற நீர்க்களைக்கு 1980களில் அவுஸ்திரேலியா வழியாக ஒரு மூக்கு வண்டு வந்தது, அது சல்வீனியாவைத் தவிர வேறொன்றிலும் வாழாது. 2008இல் பப்பாசியை அழித்த மாப்பூச்சிக்கு ஒரு சின்னக் குளவி. இதெல்லாம் ஒரே உணவை நம்பி வாழ்கிற பூச்சிகள். அதே அவுஸ்திரேலியாவில் 1935இல் கரும்பு வண்டைப் பிடிக்க என்று எதையும் விழுங்கும் தேரையை விட்டார்கள். வண்டு அப்படியே இருந்தது, தேரையைக் கடித்த உள்ளூர்ப் பிராணிகள்தான் நஞ்சேறிச் செத்தன.

கோண்டாவிலான்:
சரி, அரசாங்கமே அந்த மெக்சிகோ வண்டைச் சோதித்து விட்டால் என் தறை துப்புரவாகுமா?

வேலணையூர்:
தறைக்குள் ஆகாது. மழைக்காலத்தில்தான் அது இலையைத் தின்னும், வறட்சி வந்தால் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். நீங்கள் மண்ணைக் கொத்துவீர்கள், வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து வண்டையும் சேர்த்துக் கொல்லும். வெறும் காணி, ரோட்டோரம், மேய்ச்சல் தரை, அங்கேதான் பிரயோசனம். உங்களுக்கு இப்போதைக்குப் பூக்க முன் பிடுங்குவதுதான் வழி, கையுறையும் முகக்கவசமும் போட்டு. ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும், அதனால் பூத்ததைக் கூட்டெருவில் போடவே வேண்டாம்.

கோண்டாவிலான்:
உப்புக் கரைசல் அடித்தால் பட்டுப்போகும் என்கிறார்களே?

முருங்கையடி:
படும், அப்புறம் அந்த உப்பு எங்கே போகும்? நம் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கி உங்கள் கிணற்றுக்குத்தான். ஏற்கெனவே உவர் ஏறுகிற இடத்தில் அந்த வேலை வேண்டாம்.