நிலத்தின் பெயரை வாசித்த பிறகு?

கேள்வி: டொராண்டோவில் எங்கள் சபையில் ஆராதனைக்கு முன் 'இது பூர்வகுடிகளின் நிலம்' என்று வாசிப்போம். போன ஞாயிறு வாசித்தது நான். தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தபோது மனசு கேட்கவில்லை. இதோடு முடிந்ததா? உங்கள் சபைகளில் வேறென்ன செய்கிறீர்கள்?

பதில் 1: உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் விடுத்த செயலுக்கான 94 அழைப்புகளில் 59-ஆவதைப் படியுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த அந்தப் பள்ளிகளில் தங்கள் திருச்சபைக்கு இருந்த பங்கைச் சபையார் அறிய வேண்டும் என்கிறது. நாங்கள் போர்வைப் பயிற்சி செய்தோம். தரையெல்லாம் போர்வை, அதுதான் பூர்வகுடிகளின் நிலம்; அதன்மேல் நாம். வரலாறு வாசிக்க வாசிக்கப் போர்வைகளை மடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் எனக்கு ஒற்றைக்கால் வைக்கத்தான் இடம். நடத்துவது பூர்வகுடிப் பெரியவராக இருக்கட்டும். அவருக்குரிய மரியாதைத் தொகையும் கொடுங்கள்.

பதில் 2: உடனே மன்னிப்பு கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள் தம்பி. கனடா ஐக்கிய திருச்சபை 1986-இல் சட்பரியில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. 1988-இல் பூர்வகுடிச் சபையார் 'அறிந்துகொண்டோம்' என்றார்கள், 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொல்லவில்லை. அந்த மன்னிப்பின் நினைவாகச் சட்பரியில் எழுப்பிய கற்குவியலும் முடிக்கப்படாமலே நிற்கிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. சரி, அந்தப் பள்ளிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டம்பர் 30 ஆரஞ்சுச் சட்டை நாளுக்குள் போர்வைகளைச் சேர்த்துவிடுகிறேன். அதற்கு முன் அந்த 59-ஐத் தமிழில் எழுதி எல்லார் கையிலும் கொடுக்கப் போகிறேன்.