9 எம்எம் தோட்டா: பக்கத்துக் கடையில் 28 சென்ட், இணையத்தில் 22 சென்ட். எங்கே வாங்குவது நியாயம்?

பிளேனோ_9 கேட்டது:

வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறேன், கிரீன் கார்டு. மாதம் 200 ரவுண்டு (அதாவது 200 தோட்டா) 9 எம்எம் செலவாகிறது: குண்டின் எடை 115 கிரெயின், எஃப்எம்ஜே (முழு உலோக உறை போட்ட குண்டு), பித்தளைக் கூடு. கூடவே கொஞ்சம் .22 எல்ஆர் என்ற சின்ன வகைத் தோட்டா. வீட்டுக்குப் பக்கத்தில் கணவன் மனைவி இருவராக நடத்தும் சின்னத் துப்பாக்கிக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே 50 ரவுண்டு பெட்டி 13.99 டாலர். அதே பிராண்டு இணையத்தில் ஆயிரமாக வாங்கினால் ரவுண்டு 22 சென்ட் என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கடை மூடப்படக் கூடாது என்று உண்மையாகவே நினைக்கிறேன், ஆனால் நாலில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? 2020-இல் சின்னக் கடைகள் விலையை இரட்டிப்பாக்கியதாக நண்பர்கள் சொல்கிறார்கள், அது கொள்ளை இல்லையா?

சென்ட்_கணக்கு:

முதலில் 22-ஐயும் 28-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்று பட்டியல் விலை, இன்னொன்று கையில் கிடைக்கும் விலை. வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது ஒரு ரவுண்டு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

டெக்சாஸில் மாநில விற்பனை வரி 6.25%, உள்ளூர் வரி சேர்த்தால் பெரும்பாலான நகரங்களில் 8.25%. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேஃபேர் என்ற இணையக் கடையின் வழக்கில் தீர்ப்புச் சொன்னதிலிருந்து வெளிமாநிலப் பெரிய விற்பனையாளர்களும் இந்த வரியைப் பிடிக்கிறார்கள். இங்கே அனுப்பும் கட்டணத்துக்கும் வரி உண்டு, அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஆயிரம் ரவுண்டு 220 டாலர், அனுப்ப 20 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியோடு 259.80, அதாவது ரவுண்டு 26 சென்ட். இதே இணையக் கடையில் உங்கள் மாதத் தேவையான 200 மட்டும் வாங்கினால் 44 டாலர், அனுப்ப 15, வரியோடு 63.87. ரவுண்டு 32 சென்ட். பக்கத்துக் கடையில் நான்கு பெட்டி 55.96, வரியோடு 60.58. ரவுண்டு 30 சென்ட்தான். மாதாமாதம் வாங்குகிறவருக்குக் கடையே மலிவு. ஆயிரமாக வாங்கும்போதுதான் இணையம் முந்துகிறது, அதுவும் 43 டாலர் அளவில்.

ஆயிரம் ரவுண்டு எடை சுமார் 12 கிலோ. அமெரிக்கத் தபால் துறை தோட்டாவை ஏற்காது. தனியார் கூரியரில் தரைவழியாக மட்டுமே வரும், அதனால்தான் அந்தக் கட்டணம். ‘இலவச அனுப்பல்’ என்று போட்டிருந்தால் ரவுண்டு விலையைத் திரும்பப் பாருங்கள், அங்கே ஏறியிருக்கும்.

பட்டியலில் இன்னும் சில வார்த்தைகளைக் கவனியுங்கள். ‘லூஸ் பேக்’ என்றால் பெட்டி இல்லாமல் ஒரே பையில் கொட்டி வரும். ‘ரீமேன்’ என்றால் பழைய கூட்டில் மறுபடி நிரப்பியது, பல துப்பாக்கி நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் தராது. ஆக மலிவாகத் தெரிவது பெரும்பாலும் இரும்புக் கூடு, அல்லது செம்புப் பூச்சுக்கு உள்ளே இரும்பு உறை போட்ட குண்டு. உள்ளரங்க ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடம்) வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் உள்ளே விட மாட்டார்கள், ஏனென்றால் இரும்பு பின்சுவரைச் சேதப்படுத்தும், பொறி பறக்கும். வீட்டுக்கு வந்துவிட்ட தோட்டாவைப் பெரும்பாலான இணையக் கடைகள் திரும்ப எடுப்பதுமில்லை. பக்கத்துக் கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கலாம்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். பெரிய சங்கிலிக் கடை ஆலையிலிருந்து லாரி லாரியாக எடுக்கிறது. சின்னக் கடை மொத்த விநியோகஸ்தரிடம் பத்து, இருபது கேஸ் (பல பெட்டிகள் அடங்கிய பெரிய அட்டைப்பெட்டி) எடுக்கிறது. சில வாரங்களில் சின்னக் கடையின் கொள்முதல் விலையே சங்கிலிக் கடையின் அலமாரி விலையை விட அதிகம். மாதிரிக்கு ஒரு கணக்கு: பெட்டி கொள்முதல் 12.25, கொண்டுவரும் செலவு 0.30. நீங்கள் அட்டையில் கொடுக்கும் 15.14 டாலரில் 3% அட்டைக் கட்டணம் 0.45. மிச்சம் 99 சென்ட். அதில்தான் வாடகை, மின்சாரம், காப்பீடு எல்லாம். தோட்டாவில் அவர்களுக்கு லாபம் கிடையாது, ஆள் உள்ளே வருவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அலமாரி விலைக்குள் மத்திய அரசின் 11% தீர்வையும் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி தயாரிப்பாளரிடமே பிடிக்கப்பட்டு, வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குப் போகும் பணம் அது. எங்கே வாங்கினாலும் அது உண்டு, கடைக்காரர் ஏற்றியது இல்லை.

பித்தளை_பொறுக்கி:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் 9 எம்எம்-ஐ வைத்துக் கடையைக் காப்பாற்றப் பார்ப்பதே தவறான இடத்தில் பணம் போடுவது. பெட்டிக்கு ஒரு டாலர் கூட மிஞ்சாத சரக்கில் நீங்கள் வருஷம் பூராவும் வாங்கினாலும் அவர்களுக்குக் கிடைப்பது 48 டாலர்.

கடைக்கு உண்மையில் மிஞ்சுவது பழைய துப்பாக்கி வாங்கி விற்பது, பழுதுபார்ப்பு, உறை, சுத்தம் செய்யும் சாமான், உதிரிகள். அதையெல்லாம் அங்கே வாங்குங்கள். இணையத்தில் துப்பாக்கி வாங்கினால் அது உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைக்கு வர வேண்டும். அந்தக் கைமாற்றுக் கட்டணம் பொதுவாக 20 முதல் 50 டாலர். அதில் பேரம் பேசாதீர்கள். துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், அவர் மீதான பின்னணிச் சோதனை, வரவு-செலவுப் பதிவேடு, படிவத்தைக் கடை நடக்கும் காலம் முழுக்கப் பாதுகாப்பது என்று அத்தனை பொறுப்பும் அவர்கள் தலையில். பதிவேட்டில் ஒரு எண் பிசகினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். சொல்லாமல் துப்பாக்கியை அவர்கள் முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். பிரைமரும் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் கூரியரில் ஆபத்துப் பொருள். ஒவ்வொரு பார்சலுக்கும் தனிக் கட்டணம் விழும். ஒரு பவுண்டு மருந்து என்பது 7000 கிரெயின். 9 எம்எம்-க்கு 4 முதல் 5 கிரெயின் பிடிக்கும் வகை என்றால் 1400 ரவுண்டுக்கு மேல் வரும். இந்த ஒரு பவுண்டுக்காக 25 டாலர் ஆபத்துப் பொருள் கட்டணம் கட்டுவது வீண். கடையில் ஒரு டப்பா மருந்தும் ஆயிரம் பிரைமரும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். (அளவை மருந்து தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள், எவர் பதிவிலிருந்தும் எடுக்காதீர்கள், இந்தப் பதிவு உட்பட.)

.22-க்கும் கடைதான் சரி. ஒரே பிராண்டிலேயே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறினால் ஒரே ரைஃபிளில் குண்டுகள் இலக்கில் சிதறி விழும் அளவு மாறும். மூன்று நான்கு வகையில் 50 ரவுண்டு பெட்டி ஒவ்வொன்று வாங்கி, 50 கெஜத்தில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். எது இறுக்கமாக விழுகிறதோ அந்தப் பெட்டியின் மடிப்பில் இருக்கும் லாட் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதே லாட்டில் 500 கேளுங்கள். உள்ளே போய் எடுத்துப் பார்த்துத் தருவார்கள்.

லோனோக்_வாசகன்:

2020 பற்றி. ‘கொள்ளை’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. எஃப்பிஐ-யின் பின்னணிச் சோதனைகள் 2019-இல் 2.8 கோடி, 2020-இல் 3.9 கோடிக்கும் மேல். ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை அல்லதான், ஆனால் தேவை எப்படி எகிறியது என்பதற்கு அது போதும். அதே ஆண்டு ஜூலையில் துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. ஆர்கன்சாவில் லோனோக் ஊரில் இருக்கும் அதன் தோட்டா ஆலை வேறு கைக்கு மாறித்தான் மறுபடி வேகம் பிடித்தது. 2021 ஆகஸ்டில் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி இல்லை என்று வெளியுறவுத் துறை அறிவித்தது, மலிவான இரும்புக் கூட்டுச் சரக்கு மெல்ல வற்றியது.

கழுத்தைப் பிடித்தது பிரைமர். கூடு, குண்டு ஆகியவற்றுக்கு இயந்திரத்தைக் கூடுதல் நேரம் ஓட்டலாம். பிரைமர் வெடிக்கும் கலவை, அதற்குப் புதிய வரிசை போடக் காலமும் பெரும் முதலீடும் வேண்டும். அமெரிக்காவில் பெரிய அளவில் செய்யும் பெயர்கள் நான்கு: சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். முதல் மூன்றும் 2024 நவம்பரிலிருந்து ஒரே செக் நாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

இப்போது கடைக்காரர் இடத்தில் நின்று பாருங்கள். கையில் 50 பெட்டி, வாங்கியது 8.50-க்கு. அடுத்த சரக்கு பெட்டி 20 டாலர் என்று விநியோகஸ்தர் சொல்கிறார். பழைய விலையான 11-க்கே 50 பெட்டியையும் விற்றால் கையில் 550 டாலர். அதை வைத்து 27 பெட்டிதான் வாங்க முடியும். இப்படியே போனால் சில சுற்றில் அலமாரி காலி. மலிவாக விற்ற கடைகளில் காலை பத்து மணிக்குள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய் இரட்டை விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி என்று வரம்பு வைத்து, விலையையும் ஏற்றியவரே ஏதாவது வைத்திருந்தார்.

இன்னொன்று, தட்டுப்பாட்டில் விநியோகஸ்தர்கள் சரக்கைப் பழைய கொள்முதல் வரலாற்றைப் பார்த்துப் பங்கிடுவது வழக்கம். சாதாரண நாளில் மாதம் பத்து கேஸ் எடுத்த கடைக்கு ஏதோ வரும், ஒரு கேஸ் எடுத்த கடைக்கு ஒன்றும் வராது. ‘நல்ல காலத்தில் இணையம், கெட்ட காலத்தில் பக்கத்துக் கடை’ என்று இருப்பவர்களுக்கு அலமாரி காலியாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அதனால் பித்தளை_பொறுக்கி சொன்னதில் பாதிதான் ஏற்கிறேன். லாபம் குறைவாக இருந்தாலும் தோட்டாவையும் அங்கே வாங்கத்தான் வேண்டும், அந்தக் கொள்முதல் வரலாறு கடைக்குச் சொத்து.

ஐ140_காத்திருப்பு:

இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்களுக்கு: கிரீன் கார்டு இருப்பவரின் நிலை வேறு, நம் நிலை வேறு. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் மத்திய சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகளில் முக்கியமானது ஏதாவது ஒரு மாநிலம் தந்த செல்லுபடியான வேட்டை உரிமம். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை இது, வழக்கறிஞரிடம் கேளுங்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவை உரிமம் பெற்ற கடை 21 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு விற்காது, ரைஃபிள் தோட்டாவுக்கு 18.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகாதீர்கள். பக்கவாட்டுப் பையில் ஒரே ஒரு ரவுண்டு தங்கியிருந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வழக்கு வரும். தெரியாமல் வந்துவிட்டது என்பதை அங்கேயே சொல்லித் தப்ப முடியாது, நீதிமன்றம் வரை போகும்.

பிளேனோ_9:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நான்கு மாதத்துக்குச் சேர்த்து ஆயிரமாக அந்தக் கடையிலேயே வாங்கினால் விலை குறைப்பார்களா? எப்படிக் கேட்பது?

சென்ட்_கணக்கு:

கேஸ் விலை கேளுங்கள். ‘இணையத்தில் இவ்வளவு, அதே விலைக்குக் கொடுங்கள்’ என்று போனைக் காட்ட வேண்டாம். ‘20 பெட்டி, ஒரே லாட், முன்பணம் தருகிறேன், அடுத்த ஆர்டரோடு வந்தால் போதும்’ என்று சொல்லுங்கள். அலமாரியில் பணத்தை முடக்காமல் விற்கிற சரக்கு அது, அதனால் குறைக்க இடம் இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆர்டர் போனால் விநியோகஸ்தர் வண்டிக் கூலியை விட்டுவிடுவதும் உண்டு, உங்கள் கேஸ் அந்தத் தொகையை எட்ட உதவும். எந்த நாளில் ஆர்டர் போடுகிறார்கள் என்று கேட்டு, அதற்கு முந்தின நாள் சொல்லிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அட்டைக்குப் போகும் 3% அவர்களுக்கு மிச்சம்.

பெட்டி 12.50-க்கு இறங்கினால் ஆயிரம் வரியோடு 270.63. இணையத்துக்கும் கடைக்கும் வித்தியாசம் 11 டாலருக்கும் கீழே வந்துவிடும். தயாரிப்பாளர் தள்ளுபடி நடக்கிறதா என்றும் பாருங்கள். வேட்டைப் பருவத்தை ஒட்டி அடிக்கடி வரும், பக்கத்துக் கடை ரசீதுக்கும் பணம் திரும்ப வரும். ரசீதில் பிராண்டும் தேதியும் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும், பெட்டியில் இருக்கும் பட்டைக் குறியீட்டை வெட்டி எறியாமல் வைத்திருங்கள்.

வந்ததும் கேஸை எண்ணி, லாட் எண்ணைப் பார்த்து, எடுக்கும் வரிசையில் அடுக்குங்கள்: பழையது முன்னால், புதியது பின்னால். கராஜில் வைக்காதீர்கள், டெக்சாஸ் கோடை அங்கே ஆகாது. ரப்பர் விளிம்பு நல்ல நிலையில் இருக்கும் இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, வீட்டுக்குள் பூட்டிய அலமாரி, குழந்தைகள் கைக்கு எட்டாமல்.