மறுமொழி: ‘டை கட்’ என்பதற்குத் தமிழ் – வெட்டச்சு, வெட்டுரு

அன்பின் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வாழ்த்து மடலுக்கு மட்டையில் பூ, இலை என்று வெட்டி எடுக்கும் ‘டை கட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன கிழமை நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் நேரமெடுத்து எழுதியிருக்கிறீர்கள், மிக்க நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். பிறகு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என்னிடம் வாழ்த்து மடல் செய்யப் பழகும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். சொல்லைப் புழங்கப் போகிறவர்கள் அவர்கள்தானே. அவர்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கனடாவிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு. ‘டை’ என்றே விட்டுவிடலாம், எல்லோருக்கும் விளங்கும் என்று சொல்லியிருந்தீர்கள். இங்கே விளங்கவில்லை, தங்கச்சி. கடையில் போய் ‘டை இருக்கா’ என்று கேட்டால் தலைமயிருக்குப் பூசும் கறுப்புச் சாயத்தை எடுத்து வைக்கிறார்கள். அது கடைக்காரர் பிழை இல்லை. வகுப்பில் இதைவிடப் பெரிய குழப்பம். கையில் இருக்கும் உருக்குத் தகடும் ‘டை’, அது வெட்டித் தந்த பூவும் ‘டை’. ‘அந்த டையை எடு’ என்றால் ஒரு பிள்ளை தகட்டை எடுக்கிறது, மற்றப் பிள்ளை பூவை எடுக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருக்கிறது. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஆகவே எனக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, மூன்று என்று இப்போதுதான் தெரிகிறது. கருவிக்கு ஒன்று, அது வெட்டித் தரும் துண்டுக்கு ஒன்று, துண்டு கழன்ற பிறகு ஓட்டையோடு மிஞ்சும் மட்டைக்கு ஒன்று.

இந்த வேலையைப் பார்க்காதவர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கருவி என்பது ஒரு மெல்லிய உருக்குத் தகடு. பூ, இலை, வண்ணத்துப்பூச்சி என்று ஏதோ ஒன்றின் ஓரம் அதில் ஒரு விளிம்பாக எழுந்து நிற்கும். விரலால் மெல்லத் தடவினால் கையை அறுக்காது. அழுத்தம் வந்தால்தான் வெட்டும். பிறிஸ்டல் போட் என்ற தடித்த மட்டையில் விளிம்பு படும்படி தகட்டை வைத்து, இரண்டு பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவில் அடுக்கி, ஒரு சின்ன மெஷினுக்குள் விட்டுக் கைபிடியைச் சுற்ற வேண்டும். இரண்டு உருளைகளுக்கு இடையில் அந்த அடுக்கு நெரிந்து மற்றப் பக்கம் வரும். வரும்போது பலகை ‘டக்’ என்று வெடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் கையை எடுத்துவிடுவார்கள். வெளியே எடுத்தால் பூ தகட்டுக்குள் சிக்கியிருக்கும். பின்பக்கத்துச் சின்னத் துளைகளுக்குள் ஊசி விட்டுத் தள்ளினால் கழன்று மேசையில் விழும். நுணுக்கமான சரிகை வேலை என்றால், தகட்டுக்கும் மட்டைக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயில் பேப்பர் வைத்தால் சிக்காது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

கொழும்பில் அச்சகத் தொழில் பார்த்த ஐயா ‘அச்சுவெட்டு’ என்று எழுதியிருந்தார். அவருக்கு அந்தச் சொல் கைக்கு எட்டிய இடத்தில் இருப்பது இயல்பு. அச்சகத்தில் ஒட்டுப்பலகையில் உருக்கு அலகை வளைத்துப் பதித்து, பக்கத்தில் றப்பர்த் துண்டு ஒட்டி, கலியாண அழைப்பிதழையும் இனிப்புப் பெட்டியையும் வெட்டுவார்கள். முன்பு ஈய எழுத்து அடித்த மெஷின்களே பல இடங்களில் இன்று வெட்டவும் மடிப்புக் கோடு போடவும் ஓடுகின்றன. ஆனால் என் பிள்ளைகளுக்கு ‘அச்சு’ என்றதும் ஞாபகம் வந்தது அச்சுப் பலகாரம். அதில் நடப்பதைப் பாருங்கள். சூடான அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட, மா அச்சின் உருவத்தைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே வெட்டு இல்லை. புத்தகம் அடிக்கும் அச்சிலும் வெட்டு இல்லை, மை மட்டும் பதிகிறது. எங்கள் மெஷினுக்குள்ளேயே வெட்டாமல் மட்டையைப் புடைக்க மட்டும் வைக்கும் பிளாஸ்டிக் மடிப்பும் போகிறது. சும்மா ‘அச்சு’ என்றால் அதற்குத்தான் நன்றாகப் பொருந்தும்.

இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, “ரீச்சர், இது பற்றிஸுக்குப் பேணியால வெட்டுற மாதிரித்தானே?” என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பற்றிஸ் என்ற பலகாரத்துக்கு மாவை உருட்டித் தட்டையாக்கி, தகரப் பேணியைக் கவிழ்த்து அழுத்தி ஒரு திருப்புத் திருப்புவோம். வெட்டுவது பேணியின் வாய். வெட்டுப்பட்டு வருவது வட்டம். வட்டங்களை எடுத்த பிறகு பலகையில் கிடப்பது ஓட்டை ஓட்டையான மா. எங்கள் குசினியில் இது ஏற்கெனவே மூன்று பொருள். பேணியை யாரும் பற்றிஸ் என்று சொல்வதில்லை.

அதனால் என் முன்மொழிவு: கருவிக்கு வெட்டச்சு, துண்டுக்கு வெட்டுரு.

இரண்டும் வினைத்தொகை. எழுதுகோல் போல வெட்டச்சு. கோல் தானாக எழுதுவதில்லை, அதைக் கொண்டு நாங்கள் எழுதுகிறோம். குடிநீர் போல வெட்டுரு. நீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. காலத்தைக் காட்டாத தொகை என்பதால் நேற்று வெட்டியதும் வெட்டுருதான், நாளைக்கு வெட்டப் போவதும் வெட்டுருதான். ஐயாவின் ‘அச்சு’ உள்ளே இருக்கிறது, தூக்கி எறியவில்லை. ‘வெட்டு’ முன்னுக்கு வந்து, எந்த வேலைக்கான அச்சு என்று சொல்லிவிடுகிறது. புடைக்க வைக்கும் மடிப்பைப் ‘புடைப்பச்சு’ என்று சொன்னால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

சென்னை நண்பர் சொன்ன ‘வடிவவெட்டு’ பார்க்க அழகான சொல். ஆனால் எங்கள் ஊரில் ‘வடிவு’ என்றாலே அழகு. ‘வடிவாப் பாருங்கோ’ என்றால் கவனமாகப் பாருங்கள் என்று பொருள். ‘வடிவா வெட்டு’ என்று நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்; கத்தரிக்கோலைப் பிடித்து நிதானமாக வெட்டு என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்த முடியாது. தமிழ்நாட்டில் அது பழகலாம், இங்கே தடக்கும். இரு கரையிலும் ஒரே பொருள் தரும் சொல் கிடைக்கும்போது அதை எடுப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

‘உரு’ என்றால் கோயிலில் சாமி வருவதைச் சொல்வார்களே, பாடம் உருப்போடுவதும் அதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் ‘வெட்டு’ முன்னால் நிற்கும்போது வேறு எதுவும் நினைவுக்கு வராது. பிள்ளைகளில் ஒருவரும் தடுமாறவில்லை.

வெட்டுருவை நான் விடாமல் பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. இப்போது கிரிகட் (Cricut), சில்லுவெட் (Silhouette) போன்ற மெஷின்கள் வந்துவிட்டன. அவற்றில் தகடே கிடையாது. கணினியில் வரைந்த கோட்டின் வழியே ஒரு சின்ன அலகு ஓடி மட்டையை வெட்டுகிறது. ஆனாலும் அதில் வரும் பூவையும் ஆங்கிலத்தில் ‘டை கட்’ என்றே விற்கிறார்கள், இல்லாத டையின் பெயரால். நாங்கள் துண்டுக்கு ‘அச்சுவெட்டு’ என்று பெயர் வைத்தால் அதே பிழையைத் தமிழிலும் செய்வோம். வெட்டுரு என்றால் தகட்டால் வெட்டினாலும் சரி, அலகால் வெட்டினாலும் சரி, கத்தரிக்கோலால் வெட்டினாலும் சரி, பொய்யில்லாமல் நிற்கும்.

மூன்றாவது சொல்லுக்கு நான் ‘வெற்றுரு’ என்று யோசித்து வைத்திருந்தேன். உரு போன வெறுமை. எழுத்தில் அழகாக இருந்தது. வாய்விட்டுச் சொன்னபோது வெட்டுருவும் வெற்றுருவும் காதில் ஒன்றோடொன்று மோதின. பிள்ளைகள் அதற்குள் தாங்களாகவே ‘யன்னல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘யன்னலை எறியாத, பின்னால மினுங்கல் தாள் ஒட்டலாம்.’ அதுவே போதும். யன்னல் மட்டை என்று எழுதிக்கொள்வோம்.

இனி அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி உயர்த்தும் அலங்காரத்துக்குப் ‘பல்லடுக்கு ஒப்பனை’, ‘படலணி’ என்றெல்லாம் வந்திருந்தது. எங்கள் வீட்டு வேலியில் செவ்வரத்தை நிற்கிறது. ஐந்து இதழ் உள்ளது சும்மா செவ்வரத்தை. இதழ் மேல் இதழாக நெருங்கிப் பூப்பது அடுக்குச் செவ்வரத்தை. மல்லிகையிலும் நந்தியாவட்டையிலும் அப்படித்தான் சொல்கிறோம். பூவுக்கே வழங்கும் சொல் கடதாசிப் பூவுக்கு ஆகாதா? ஒரே வெட்டச்சின் மூன்று அளவில் செவ்வரத்தை வெட்டி, இதழ்களை ஒரு பேனை முனையால் உள்பக்கம் வளைத்து, பெரியது அடியில், சின்னது மேலே என்று நடுவில் ஒரு சொட்டுப் பசையோடு ஒட்டினால் அது அடுக்குப்பூ. அப்படி உயர்ந்து நிற்கும் அலங்காரம் முழுவதற்கும் ‘அடுக்கணி’. அணி என்ற சொல் நகைக்கும் உண்டு, செய்யுளுக்கும் உண்டு, மடலுக்கும் வரட்டும்.

இன்னொன்றை நான் உருவாக்கவில்லை, தையல் பழகிய ஒரு பிள்ளை கொண்டு வந்தாள். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் ஏ6 மடல் வரும்: 105 மி.மீ. அகலம், 148 மி.மீ. உயரம். அதன் முகத்தில் வேறு நிறத் தாள் ஒட்டும்போது 99க்கு 142 என்று வெட்டி நடுவில் வைத்தால் சுற்றிவர 3 மி.மீ. அடித்தாள் தெரியும். நான் அதை ‘விளிம்பு’ என்று சொல்லி வந்தேன். அவள் ‘கரை’ என்றாள், சேலைக்கரை போல. ‘மூன்று மில்லிமீற்றர் கரை விட்டு ஒட்டு’ என்றால் இப்போது யாரும் திரும்பக் கேட்பதில்லை. விளிம்பு என்ற சொல் வெட்டச்சின் வெட்டும் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

போன மாரியில் ஒரு நாள் தைப்பொங்கல் மடலுக்காகப் பானை வெட்டினோம். மழை ஈரத்தில் மட்டை ஊறிப் பதமாகியிருந்தது. பானையின் வாய் மட்டும் வெட்டுப்படாமல் நார் நாராக நின்றது. எத்தனை தரம் சுற்றியும் அதே இடத்தில்தான் பிழை. கடைசியில் ஒரு கொப்பித் தாளை நாலாக மடித்து, அந்த இடத்துக்கு நேரே பலகையின் அடியில் வைத்துச் சுற்றினேன்; பானை முழுதாகக் கழன்றது. பிள்ளைகள் அதை ‘முட்டுக் கொடுக்கிறது’ என்று சொன்னார்கள், வாழைக்குலைக்குக் கொடுப்பதைப் போல. முட்டுத்தாள் என்று அன்றே என் கொப்பியில் எழுதிவிட்டேன். மட்டையை இப்போது மூடி இறுக்கமான பெட்டியில் வைக்கிறேன். வெட்டச்சையும் அப்படித்தான், இல்லையென்றால் துருப்பிடிக்கும்.

‘வாழ்த்து அட்டை’யா ‘வாழ்த்து மடல்’ஆ என்ற பக்கவிவாதத்தில் நான் மடலின் பக்கம். மடலும் மட்டையும் பனையிலிருந்து வந்த சொற்கள். பனை மடலால் குதிரை செய்து ஏறியதைச் சங்கப் பாட்டுகள் பாடுகின்றன. பனைக்குக் கீழே இருந்து கடதாசி வெட்டுகிற எங்களுக்கு அந்தச் சொல்லை விட மனமில்லை.

கடைசியாக, புதுச்சொல் எங்கே நிலைக்கப் போகிறது என்று சலித்து எழுதிய அண்ணாவுக்கு. யாழ்ப்பாணத்தில் கடைப் பலகைகளைப் பாருங்கள், அண்ணா: வெதுப்பகம் என்று எழுதியிருக்கிறது. வெதுப்புதல் பழைய சொல், பாணும் அங்கே வெதும்பித்தான் வருகிறது, அதனால் நின்றது. 1847இல் இங்கே வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். எலும்புக்கும் நரம்புக்கும் நோய்க்கும் சொல் தேடியபோது அவர் முன்னால் மாணவர் இருந்தார்கள். அடுத்த நாள் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். என் முன்னால் இருப்பது ஒன்பது பிள்ளைகளும் ஒரு சின்ன மெஷினும்தான். ஆனாலும் சனிக்கிழமை வகுப்பு உண்டு, சொல் வேணும்.

எல்லாவற்றுக்கும் தமிழ் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூவை உயர்த்தி ஒட்டும் ஸ்பொஞ் ரேப்புக்கு ‘மெத்தை ஒட்டி’ என்று ஒரு நண்பர் தந்திருந்தார். சொல்லிப் பார்த்தோம், ஸ்பொஞ் ரேப் என்றே திரும்பி வந்துவிட்டது. அதை அப்படியே விடுகிறேன். பிறிஸ்டல் போட்டும் அப்படியே.

இப்போது மேசையில் இரண்டு பிஸ்கட் பேணி இருக்கின்றன. ஒன்றில் ‘வெட்டச்சு’, மற்றதில் ‘வெட்டுரு’ என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன சனிக்கிழமை ‘வெட்டச்சை எடு’ என்றேன். ஒன்பது பேரும் ஒரே பேணிக்குள் கைவிட்டார்கள். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இந்த வேலை செய்கிறவர்கள் குழுமத்தில் இருந்தால், உங்கள் வகுப்பில் இந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்து எங்கே தடக்குகிறது என்று எழுதுங்கள். தைக்கு முன் செய்முறைத் தாள் அடிக்க வேண்டும். மார்கழி நடுவரை மாற்றலாம்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து