ஓட்டோ கராஜில் நின்று 24 நாள், "நாளைக்குத் தாறன்" என்றே சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

கோண்டாவில் மகள்:
அப்பாவின் ஓட்டோவுக்காக எழுதுகிறேன். பஜாஜ், நாலு ஸ்ட்ரோக். காலையில் ஸ்டார்ட் எடுப்பது கஷ்டமாக இருந்தது, சைலன்சரில் நீலப் புகை, ஒயிலும் குறைந்துகொண்டே வந்தது. எஞ்சின் செய்ய வேண்டும் என்று நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஒரு கராஜில் விட்டோம். "நாலு நாள் வேலை" என்றார் பாஸ். 40,000 ரூபா முற்பணம் கொடுத்தோம். காசு வாங்கியதற்குத் துண்டு எதுவும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாலாம் நாள் போனால், திருவிழா நேரம், பெடியள் வேலைக்கு வரவில்லை என்றார். பிறகு, எஞ்சின் புளொக் லேத் பட்டறையில் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு, கொழும்பிலிருந்து சாமான் வர வேண்டும். "தேருக்கு முதல் கட்டாயம் தாறன்" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். இன்று தேரும் முடிந்துவிட்டது.

நேற்று நானும் கூடப் போனேன். ஓட்டோ வேப்பமரத்தடியில் நிற்கிறது, பின்பக்கம் எஞ்சின் இல்லாமல் வெறும் குழியாக. கழற்றிய நட்டும் போல்ட்டும் ஒரு மாஜரின் பேணிக்குள், மேலே வேப்பஞ்சருகு. அப்பா ஒன்றும் பேசாமல் சருகைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பேணியை ஒரு மட்டைத் துண்டால் மூடி வைத்தார்.

ஐந்து பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது, இரண்டு வீட்டில் வேறு ஓட்டோ பார்க்கிறார்களாம். லீசிங் காசும் கட்ட வேண்டும். சத்தம் போடப் பயமாக இருக்கிறது, எஞ்சின் அவரிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறதே.

தட்டாதெரு:
நேரே பொலிஸுக்குப் போங்கள். இவர்களுக்கு வேறு பாஷை விளங்காது.

பழைய மெக்கானிக்:
பிள்ளை, பொலிஸை இப்போதைக்கு விடுங்கள். போனால் அந்த எஞ்சினில் அவர் பிறகு கை வைக்கவே மாட்டார்.

நான் 30 வருடம் கராஜ் நடத்தினவன். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வருகிற வண்டியைத் திருப்பி அனுப்ப மனம் வராது, எல்லாவற்றையும் வாங்கிக் கழற்றிப் போட்டுவிடுவோம். கழற்றிய வண்டி வேறு கராஜுக்குப் போகாது. ஒருவர் தந்த முற்பணத்தில் இன்னொருவருக்குச் சாமான் வாங்குவோம். நானும் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது.

"எப்ப முடியும்?" என்று இனிக் கேட்க வேண்டாம். அதற்கு "நாளைக்கு" என்பதுதான் பதில். "பிஸ்டன் எங்கே, காட்டுங்கோ" என்று கேளுங்கள். போர் அடிப்பதென்றால், அதாவது புளொக்கில் தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்குவதென்றால், 0.25, 0.50 மில்லிமீற்றர் கூடின சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அந்தப் பிஸ்டனை அளந்து பார்த்துத்தான் லேத்காரர் போர் அடிப்பார். பிஸ்டன் வாங்கவில்லை என்றால் புளொக் லேத்துக்குப் போயிருக்காது, போயிருந்தாலும் சும்மா கிடக்கும். போர் அடிப்பது வாரக்கணக்கில் இழுக்கிற வேலை இல்லை.

பிஸ்டன் இல்லை என்றால் சைஸைக் கேட்டு நீங்களே வாங்குங்கள், ஸ்ரான்லி வீதிப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். லேத்துக்கும் அப்பாவே கொண்டு போகட்டும். பழைய பிஸ்டன், ரிங்ஸ், வால்வ் சீல் எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். புதிது போட்டதற்கு அதுதான் சாட்சி.

சுன்னாகம் அக்கா:
எங்கள் காருக்குப் பெயின்ற் அடிக்கக் கொடுத்து நாங்களும் இப்படி அலைந்தோம். ஒன்று சொல்கிறேன் தங்கச்சி, கதைத்ததை அன்றைக்கே வட்சப்பில் அவருக்கு அனுப்பி வையுங்கள். "40,000 தந்தோம், தேருக்கு முதல் தருவதாகச் சொன்னீர்கள்" என்று மரியாதையாக. அவர் "ஓம்" என்று ஒரு சொல் போட்டாலே போதும், துண்டு இல்லாத குறை தீரும். கழற்றிக் கிடப்பதையும் படம் எடுத்து வைத்திருங்கள்.

கச்சேரியடி:
பொலிஸுக்கு முதல் வேறு இரண்டு வழி இருக்கிறது. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து விசாரியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் பொருள் மட்டுமல்ல, சேவையும் அடங்கும். வேலை முடித்துத் தந்த பிறகு, சொன்னபடி இல்லை என்று முறையிடுவதானால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மற்றது இணக்க சபை. வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு பகுதியையும் இருத்திக் கதைப்பார்கள். முற்பணத்தைத் திருப்பி எடுக்கும் நிலை வந்தால் அதுதான் நல்லது.

ஆனால் செய்த வேலைக்குரிய காசைக் கொடுக்காமல் வண்டியை இழுத்து வந்துவிட வேண்டாம். வேலை செய்தவருக்கும் அதில் உரிமை இருக்கிறது, பிழை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

கோண்டாவில் மகள்:
ஐயா சொன்ன மாதிரியே கேட்டோம். "பிஸ்டனைக் காட்டுங்கோ" என்றதும் பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. புளொக் அங்கேயே மேசைக்குக் கீழே சாக்கில் சுற்றிக் கிடந்தது. லேத்துக்குப் போகவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா சத்தம் போடவில்லை. "தம்பி, சைஸை ஒரு துண்டில எழுதித் தாரும்" என்று மட்டும் கேட்டார். 0.50 என்று எழுதித் தந்தார்.

பிஸ்டனும் ரிங்ஸும் நாங்களே வாங்கி, புளொக்கோடு லேத்தில் கொடுத்தோம். அடுத்த நாள் பின்னேரம் கிடைத்தது. கராஜில் பூட்டும்போது அப்பா பக்கத்திலேயே ஒரு வாங்கில் இருந்தார், இரண்டு நாளும். மிச்சக் காசில் பிஸ்டன் விலையைக் கழித்தார்கள். பழைய பிஸ்டனும் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள், ஒரு வீடு மட்டும் மாறிவிட்டது.

ஒரு சந்தேகம் ஐயா. முதல் ஸ்டார்ட்டில் மறுபடி புகை வந்தது. பயப்பட வேண்டுமா?

பழைய மெக்கானிக்:
பூட்டும்போது போரிலும் ரிங்ஸிலும் பூசிய ஒயில் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் நிற்கும். சூடாகி நன்றாக ஓடின பிறகும் நீலமாக வந்தால் மட்டும் எழுதுங்கள். முதல் 500 கிலோமீற்றர் இழுத்து ஓட வேண்டாம், பாரமும் குறைத்து ஏற்றச் சொல்லுங்கள். அது முடிந்ததும் ஒயிலை மாற்றிவிடுங்கள், கறுக்கவில்லையே என்று பார்த்திருக்க வேண்டாம். புதுப் போரில் தேய்ந்த இரும்புத் தூள் அதில்தான் இருக்கும்.