சுயநினைவோடு இருந்த அம்மாவுக்காக நான் போட்ட கையெழுத்து செல்லுமா?

மதுரைவாசி:
வணக்கம். பித்தப்பைக் கல்லுக்காக என் அம்மாவைச் (வயது 58) சென்ற மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, அவர் கட்டிலில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கையில், செவிலியர் நான்கு தாள்களை என்னிடம் நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறியிட்டிருந்த இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சிகிச்சையின் பெயரை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் முறை) என்று சொல்லி அழைத்துச் சென்றவர்கள், வயிற்றைத் திறந்துதான் செய்ய நேர்ந்தது என்று பிறகு கூறினார்கள். அம்மா இப்போது நலம். ஆனால், "என் வயித்துக்கு நீ எதுக்குடா கையெழுத்துப் போட்ட?" என்று கேட்கிறார். இது முறைதானா?

அறுவை மருத்துவர்:
உங்கள் அம்மா கேட்பது நியாயம். தெளிவான மனநிலையில் உள்ள, 18 வயது நிரம்பிய நோயாளிக்காக மகனோ கணவரோ ஒப்புதல் தர முடியாது. உறவினர் சாட்சியாகக் கையெழுத்திடலாம், அவ்வளவுதான். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், ஒப்புதல் தருவோர் வரிசையில் கணவன் மனைவி முதலிலும் நோயாளி கடைசியிலும் வருவதுதான் இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுத்ததோ என்று நான் நினைப்பதுண்டு. வயிற்றைத் திறந்ததைக் குறை சொல்ல மாட்டேன். அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கொண்டு, பித்தநாளம் எதுவென்று கேமராவில் பிரித்தறிய முடியாதபோது திறப்பதே பாதுகாப்பு. அப்படியும் நேரலாம் என்பதை முன்கூட்டியே அவரிடம் தமிழில் விளக்கி, படிவத்திலும் எழுதியிருக்க வேண்டும்.

வழக்கறிஞர்:
2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஏறக்குறைய இதைப் பற்றியதே. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் தாயின் சம்மதம் செல்லாது என்று கூறிய நீதிமன்றம், கட்டணம் பெறும் உரிமையை மறுத்து, ரூ. 25,000 இழப்பீடும் வழங்கச் சொன்னது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்பதை ஏற்றதால்தான் தொகை இவ்வளவு சிறியது. நீங்கள் முதலில் சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.

மதுரைவாசி:
நன்றி. விண்ணப்பத்தை என் பெயரில் எழுதலாமா?

வழக்கறிஞர்:
அம்மா பெயரில் எழுதி, அவரே கையெழுத்திடட்டும். நீங்கள் நேரில் சென்று வாங்குவதானால், அவர் தரும் அதிகாரக் கடிதத்தையும் இணைத்துக்கொள்ளுங்கள்.