நீ யார் வீட்டுப் பிள்ளை?

ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்சென்னைப் புறநகர்

மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை ஒட்டிய ஒரு பள்ளியில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினேன். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்கள், குறிப்பாக 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு லாரி லாரியாக வந்து இறங்கிய காலம் அது. பலர் கல்வியாண்டின் நடுவிலேயே வந்தார்கள். அப்படி ஒரு தை மாதத்தில் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன் இன்றும் என் நினைவில் இருக்கிறான்.

அவன் புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்கவே மாட்டான். பெஞ்சின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்காருவான். சத்துணவு வரிசையில் நிற்கும்போதும் பை முதுகில்தான் இருக்கும். திருட்டுப் பயமாக இருக்கும் என்று எண்ணி, இரண்டாம் வாரம் தனியே அழைத்துக் கேட்டேன். "லாரி வந்தா தூக்கினு ஓடணும் மிஸ்" என்றான். பழைய வீட்டை இடித்த அன்று அவன் பள்ளிக்குப் போயிருந்தான். மாலையில் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியலும், தெருமுனையில் பாயும் பாத்திரமுமாக ஒரு லாரியும் நின்றிருக்கின்றன. அவனுடைய பொருள்களில், அன்றைக்குக் கையோடு வைத்திருந்ததால் தப்பியது அந்தப் பை ஒன்றுதான்.

அதே மாதத்தில் வகுப்புக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். உங்கள் அக்கம்பக்கத்தில் வசிக்கும் ஐந்து பேரின் பெயரையும் அவர்கள் செய்யும் தொழிலையும் எழுதுங்கள் என்றேன். புதிதாக வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே ஆற்றங்கரையில் விட்டுவந்தவர்களின் பெயர்களைத்தான் எழுதியிருந்தார்கள். இட்லிக்கடை ஆயா, மீன்பாடி வண்டி மாமா, தையல்கார அண்ணன் என்று நீண்ட அந்தப் பட்டியலில், புதிய கட்டடத்தில் எதிர்க்கதவுக்குப் பின்னால் இருப்பவரின் பெயர் ஒன்றுகூட இல்லை. வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டதால், ஒரே சந்தில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு பிளாக்குகளிலும் மாடிகளிலும் சிதறிப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

புதிய வீட்டைக் குறை கூற எனக்கு மனமில்லை. கூரை ஒழுகாது, உள்ளேயே கழிப்பறை உண்டு, இரவில் எலி ஓடாது. ஆனால் வீட்டுவேலைக்குப் போகும் அம்மா விடியற்காலையில் கிளம்பி, இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டி நகரத்துக்குச் சென்று, இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வரையில் அந்தப் பிள்ளை யாருடைய கண்ணில் இருக்கிறான் என்ற கேள்விக்கு, பழைய இடத்தில் கேட்காமலே பதில் இருந்தது. அங்கே வழி தவறி நின்றால் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒருவராவது கேட்பார், கேட்டுவிட்டு வீட்டிலும் போட்டுக்கொடுப்பார். அந்தத் தொல்லை பிடிக்காமல் ஓடி ஒளிந்த பிள்ளைகள்தான், அது இல்லாத இடத்துக்கு வந்தபின் இரவில் படுக்கையை நனைத்தார்கள், காரணமின்றி வயிறு வலிக்கிறது என்றார்கள், லிஃப்ட் நின்றுபோன நாள்களில் இருண்ட மாடிப்படி ஏற அஞ்சிப் பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணகி நகரில் வளர்ந்தவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் 2001-இல், என் ஒன்பதாவது வயதில், அதேபோன்ற மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகருக்கு வந்தது. எழில் நகரையும் சேர்த்தால் இன்று அங்கே 23,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. நீங்கள் சொல்லும் கேள்வியை எங்களிடமும் கேட்டார்கள், ஆனால் வேறு விதமாக. "எந்த ஏரியா?" என்பார்கள். பதில் சொன்னதும் கேட்டவரின் முகம் மாறுவதைப் பன்னிரண்டு வயதிலேயே படிக்கக் கற்றுக்கொண்டோம். நான் யார் மகன், எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

டியூஷனில் பணம் காணாமற்போன ஒரு நாள், இருபது பேர் இருந்த அறையில் முதலில் என் பையைத்தான் கவிழ்த்துப் பார்த்தார்கள். பணம் அவர்கள் மேசையிலேயே கிடைத்தது. கீழே சிதறிய என் பொருள்களை நானே பொறுக்கினேன். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் முகவரியில் கண்ணகி நகரை விட்டுவிட்டு, துரைப்பாக்கம் என்று மட்டுமே எழுதிவந்தேன். அது பொய்யில்லை என்றாலும், எழுதும்போதெல்லாம் என் அம்மாவை மறைத்து வைப்பதுபோல் ஒரு கூச்சம் வரும். வெளியார் சொல்லும் இழிவை ஒரு பிள்ளை தன்னைப் பற்றித் தானே நம்பத் தொடங்கும் கட்டம்தான் மிக ஆபத்தானது என்பது என் அனுபவம். என்னுடன் படித்த இரண்டு பேர், எப்படியும் இப்படித்தானே சொல்லப் போகிறார்கள் என்று, சொன்னபடியே ஆகிக் காட்டினார்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் எங்கள் பகுதிப் பெண் கார்த்திகா இருந்தார். எல்லாச் செய்தியிலும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே வந்தது. என் அக்காள் மகள், ஏழாம் வகுப்பு படிப்பவள், அந்த வாரம் தன் நோட்டுப் புத்தகங்களின் அட்டையில் முகவரியை முழுமையாக எழுதினாள். எழுத எனக்கு இருபது ஆண்டுகள் ஆனது.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு தாய்

எங்களுடையது காவலாளி உள்ள அடுக்ககம், பதினான்காவது மாடி. புல்வெளியில் பந்து விளையாடக் கூடாது, மாலை நான்கு மணிக்கு முன் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். எட்டு வயது மகனிடம் கீழே போய் விளையாடு என்றால், "கீழே யார் இருக்காங்க?" என்கிறான். மேலே இருப்பவற்றைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். என் மகன் தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக அவரை மாலை ஆறு வரை இருக்கச் சொல்கிறேன். அந்த நேரத்தில் அவருடைய இரண்டு பெண்களும் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களின் பெயரை நான் கேட்டதில்லை.

குழந்தைகள் மனநல ஆலோசகர்

குழந்தைகளை வசதியான பகுதிக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கி பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களிடையே குலுக்கல் நடத்தி, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதியில் குடியேற வாடகை உதவி அளித்துப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள், வளர்ந்தபின், அந்த உதவி கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். மனநலத்தில்தான் முடிவு இரண்டாகப் பிரிந்தது. வாய்ப்புப் பெற்ற குடும்பங்களின் பெண்பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆண்பிள்ளைகளிடமோ மனச்சோர்வும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமும் கூடியிருந்தன. அங்கே குடும்பங்கள் விரும்பி விண்ணப்பித்திருந்தன, போன இடமும் நல்ல இடம். அப்படியிருந்தும் இந்த நிலை என்றால், கேட்காமலே பெயர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளை சரியாகத் தூங்குவதில்லை என்று வருபவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, வீடு எப்போது மாறினீர்கள் என்பதைத்தான்.

ஆசிரியை அவர்களே, அந்தச் சிறுவன் பிறகு என்ன ஆனான்?

ஓய்வுபெற்ற ஆசிரியை

எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பில், அவனுடைய பழைய சந்தில் வசித்த பையன் ஒருவன் படிப்பது தற்செயலாகத் தெரியவந்தது. இருவரும் ஒரே குடியிருப்பில் பத்துப் பிளாக் தள்ளி வசித்தும் சந்தித்துக்கொள்ளவில்லை. பழைய ஊர்க்காரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவும் போகவும் சேர்த்துவிடலாமா என்று கேட்டபோது, கோஷ்டி சேர்ந்து ஏரியாச் சண்டை வரும் என்று உடன் பணியாற்றியவர்கள் தயங்கினார்கள். அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன், ஓரிரு முறை சண்டை வரவும் செய்தது. இருந்தாலும் சேர்த்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அவன் பையைக் கழற்றி பெஞ்சின் மேல் வைத்தான். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி போகும்போது மட்டும் அவன் கை தானாக அதன் வாரைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆண்டு முடியும் வரையில் அது மாறவில்லை.